வேனிஸ் நகரத்து அயலான்

ஷேக்ஸ்பியர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1623ஆம் ஆண்டில், அவருடன் நடித்த நண்பர்களாகிய ஹெமிங்ஸ், காண்டெல் என்னும் இருவரும் அவருடைய நாடகங்களைப் பெருநூலாகத் தொகுத்து வெளியிட்டனர். அந்நூலில் நாடகங்கள் இன்பியல், வரலாறு, துன்பியல் என மூன்று பகுதிகளாக வகுக்கப்பட்டன. ‘வேனிஸ் வணிகன்’ இன்பியலில் இடம் பெற்றது. அவ்வாறு வைத்தது தவறென்று சொல்வதற்கில்லை. நாடகத்தின் இறுதியில் மணமக்கள் மூன்று இணையாக நிலவொளியில் கூடுகின்றனர். மோதிரங்களைக் குறித்து எழுந்த பொய்ச்சினம் சிரிப்பாக முடிகிறது. கடலில் அமிழ்ந்தனவாகக் கருதப்பட்ட கப்பல்கள் கரை சேர்ந்த செய்தியும் வருகிறது. இன்பியலுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆயினும், இந்நாடகத்தைக் கண்டு வீடு திரும்பும் ஒருவரை வழியில் நிறுத்தி, யார் நினைவில் நிற்கிறார் என்று வினவிப் பாருங்கள். மணமக்களின் பெயரை அவர் சொல்லமாட்டார். ஷைலக் என்றே சொல்வார். நாடகத்தில் உள்ள காட்சிகள் இருபது. அவற்றுள் ஐந்தே காட்சிகளில் தோன்றுபவன் ஷைலக். ஐந்தாம் அங்கத்தில் அவன் நிழல்கூட மேடைமீது விழுவதில்லை. அத்தகைய ஒருவன் நாடகம் முழுவதையும் தன்பால் ஈர்த்துக்கொள்வது எங்ஙனம்? ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் யார், சேராதவன் யார் என்பதைக் கவிஞர் ஆசிரிய உரையாக ஓரிடத்திலும் கூறவில்லை. விளிச்சொல்லாலும், பேச்சின் நடையாலும், விடை கிடைக்காத வினாக்களாலும், மேடையில் யார் யாருக்கருகில் நிற்கிறார் என்பதாலுமே அதனை உணர்த்துகிறார். அந்த உத்திகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கதை உங்களில் பெரும்பாலோர் அறிந்ததே. தமிழ் மேடைக்கும் அது புதிதன்று. பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணீபுர வணிகன்’ என்ற பெயரில் இதனைத் தழுவி எழுதினார். பெல்மான்ட் நகரத்துச் செல்வி போர்ஷியாவை மணக்க விரும்பும் பஸானியோ, செலவுக்குப் பொருளின்றித் தன் நண்பன் அன்டோனியோவை நாடுகிறான். அன்டோனியோ ஷைலக் என்னும் யூதனிடம் மூவாயிரம் பொற்காசு கடன் வாங்கித் தருகிறான். மூன்று மாதத்தில் திருப்பித் தராவிடில் தன் உடலிலிருந்து ஒரு பவுண்டு சதையைத் தருவதாக முறி எழுதிக் கொடுக்கிறான். கப்பல்கள் திரும்பவில்லை, தவணை கடக்கிறது, வழக்கு மன்றம் ஏறுகிறது. வழக்கறிஞர் வேடத்தில் வந்த போர்ஷியா, சதையை எடுக்கலாம், குருதி சிந்தக்கூடாது என்று சொல்லி அன்டோனியோவைக் காக்கிறாள். இதற்கிடையில் ஷைலக்கின் மகள் ஜெஸிகா, லொரென்ஸோ என்னும் கிறித்தவ இளைஞனோடு தந்தையின் பொன்னையும் மணியையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள்.

காலப் பின்னணியைச் சிறிது அறிதல் நன்று. வேனிஸ் குடியரசு 1516ஆம் ஆண்டில் யூதர்களுக்கென்று நகரின் ஒரு பகுதியை ஒதுக்கியது. நாற்புறமும் நீர் சூழ்ந்த அப்பகுதியின் வாயிற்கதவுகள் இரவில் பூட்டப்படும். ‘கெட்டோ’ என்னும் சொல் அங்குப் பிறந்து, பிறகு உலகெங்கும் பரவியது. அக்கதவுகள் பெயர்த்தெறியப்பட்டது 1797இல்தான். இங்கிலாந்தின் நிலையோ வேறு. முதலாம் எட்வர்டு மன்னர் 1290ஆம் ஆண்டிலேயே யூதரனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார். ஆகவே இந்நாடகம் எழுதப்பட்ட 1596-97ஆம் ஆண்டுகளில், தம்மை யூதர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவரையும் இலண்டன் மக்கள் கண்டிருத்தல் அரிது. வட்டி வாங்குவோரை மட்டும் அவர்கள் நன்கு அறிவர். பத்து விழுக்காடு வரை வட்டி வாங்குவதை இங்கிலாந்தின் சட்டம் 1571 முதல் தண்டனையின்றி விட்டிருந்தது, வாங்கியவர்கள் கிறித்தவர்களே. கண்ணால் காணாத ஓர் இனத்தைப் பற்றிய அச்சத்தையும், அன்றாடம் கண்ட ஒரு தொழிலைப் பற்றிய வெறுப்பையும் சேர்த்துக்கொண்டுதான் அம்மக்கள் நாடகக் கொட்டகைக்கு வந்தனர் என்பதை மறவாதீர்கள்.

முதலில் பெயரைக் கவனிப்போம். நாடகத்தில் அன்டோனியோவை எல்லோரும் பெயர் சொல்லி அழைக்கின்றனர். ஷைலக்கையோ அவன் பெயரால் அழைப்பதைவிட ‘யூதன்’ என்று சுட்டுவதே மிகுதி. 1600ஆம் ஆண்டில் அச்சான முதற்பதிப்பில் உரையாடலுக்கு முன் இடப்படும் பெயர்க்குறிப்பும் சில பக்கங்களில் ‘ஷைலக்’ என்றும், சில பக்கங்களில் ‘யூதன்’ என்றும் மாறி மாறி வருகிறது. அச்சுக்கோத்தவர் கையிலும் அவன் மனிதனாகவும் இனமாகவும் ஊசலாடினான் போலும்! மன்றத்துக்குள் நுழையும் போர்ஷியா, நிற்கும் இருவரில் வணிகர் எவர், யூதர் எவர் என அடையாளம் கேட்கிறாள். ஒருவனுக்குத் தொழில் அடையாளம், மற்றவனுக்குப் பிறப்பு அடையாளம். பின்னர் அவன் பெயர் ஷைலக்தானா என்று உறுதி செய்துகொண்டு, அவனை இணங்கவைக்க முயலும் வரையில் இடையிடையே அப்பெயரைச் சொல்லியும் அழைக்கிறாள். வழக்கு அவனுக்கு எதிராகத் திரும்பிய கணத்திலிருந்து அவள் வாயில் அப்பெயர் ஒருமுறையும் வரவில்லை. அவள் மட்டுமல்லள், மன்றத்தில் எவரும் சொல்லவில்லை. பெயரை இழந்த நிலையிலேயே அவன் வெளியேறுகிறான். என் வகுப்பில் மாணவர்களிடம் பென்சிலைக் கொடுத்து, அக்காட்சியில் பெயர் வருமிடங்களுக்கு ஒரு கோடும், ‘யூதன்’ என்று வருமிடங்களுக்கு இரு கோடும் இடச் சொல்வது வழக்கம். காட்சியின் பிற்பகுதிப் பக்கங்களில் இரட்டைக் கோடுகள் மட்டுமே மிஞ்சும். அதனைக் கண்ட பிறகு நான் விளக்கவுரை ஆற்ற வேண்டிய தேவை இருந்ததில்லை.

அடுத்தது முன்னிலைச் சொல். இன்றைய ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான் உண்டு என்பதால், ஆங்கிலேய மாணவனுக்கு இந்நுட்பத்தை விளங்கவைப்பது கடினம். ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று ஆளுக்கேற்ப அளந்து பேசிப் பழகிய தமிழ் மாணவனுக்கு இது எளிது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் ‘தௌ’ என்பது நம்முடைய ‘நீ’ போன்றது. நெருக்கத்துக்கும் உதவும், இழிவுக்கும் உதவும். ‘யூ’ என்பது மரியாதைச் சொல். கடன் கேட்டு வந்த அன்டோனியோ முதலில் ‘யூ’ என்றே பேசுகிறான். தன்னை நாயென்று ஏசியதையும், தன் அங்கியின்மீது உமிழ்ந்ததையும் ஷைலக் நினைவூட்டுகிறான். நாயிடம் பணம் இருக்குமா என்றும் கேட்கிறான். அந்நேரத்திலும் அவன் சொல்வது மரியாதைச் சொல்லே. அன்டோனியோவோ உடனே ‘தௌ’ என்பதற்கு இறங்கி, இனியும் அவ்வாறே ஏசுவேன், உமிழ்வேன் என்கிறான். பணம் வேண்டி வந்தவன் ‘நீ’ என்கிறான். பணம் தருபவன் ‘நீர்’ என்கிறான். மூன்றாம் அங்கத்தில் அன்டோனியோ சிறைக்காவலனோடு வரும்போது இத்தராசு தலைகீழாகிறது. இப்போது ‘நீ’ என்பவன் ஷைலக். அன்டோனியோவோ அவனை நல்லவனே என்று அடைகொடுத்துப் பெயர் சொல்லி அழைத்துக் கெஞ்சுகிறான். அச்சிறு காட்சியில் ஷைலக் முறி, முறி என்று அச்சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கடன்பத்திரம் என்பதும் பொருள். மனிதரை மனிதரோடு கட்டும் தளை என்பதும் பொருள். நம் ‘பிணை’ என்னும் சொல்லும் அத்தகையதே. வேறு எந்தப் பிணைப்பும் இல்லாதவனுக்குக் கையிலிருந்த பிணைமுறி ஒன்றே உறவாயிற்று.

அவனுடைய பேச்சு நடையும் தனியானது. மற்றவர்கள் தம் காதலையும் நட்பையும் கடல்வளத்தையும் செய்யுளில் அலங்கரித்துப் பேசுகின்றனர். ஷைலக் முதன்முதலில் வாய் திறப்பது உரைநடையில். அதுவும் ஒரு தொகையைச் சொல்லிக்கொண்டு. தொகை, தவணை, பிணையாளி என்று பஸானியோ சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் திரும்பக் கூறி ஒரே ஓரசைச் சொல்லால் முடிக்கிறான். எடைபோட்டுப் பார்க்கும் மனம் அந்த ஓசையிலேயே கேட்கிறது. விருந்துக்கு அழைக்கப்பட்டதும், வாங்குவது விற்பது, பேசுவது நடப்பது ஆகியவற்றில் உங்களோடு கலப்பேன். உண்பது, பருகுவது, தொழுவது ஆகியவற்றில் கலவேன் என்று வரம்பு கட்டுகிறான். தனிமை முழுவதும் பிறர் சுமத்தியதன்று. அவன் தானே எழுப்பிய சுவரும் உண்டு என்பதைக் கவிஞர் மறைக்கவில்லை. ஆனால் பின்னர் ஒரு நாள் அவ்விருந்துக்கு அவனே செல்கிறான். வரம்பை மீறி வெளியே சென்ற அந்த இரவிலேதான் அவன் மகள் வீட்டைவிட்டு ஓடுகிறாள்.

போகுமுன் அவன் மகளுக்கு இட்ட கட்டளையை நன்கு நோக்குங்கள். தெருவில் மாறுவேடக் கூத்தும் மேளமும் குழலும் வரும். கதவைப் பூட்டு, சாளரத்தை அடை என்கிறான். சாளரங்களை வீட்டின் காதுகள் என்று உருவகம் செய்கிறான். அவனுக்கு வீடே உடல். வெளியுலகின் இசை அவ்வுடலுக்குள் புகும் நஞ்சு. பின்னர் ஐந்தாம் அங்கத்தில் இசையைப் போற்றும் லொரென்ஸோ, உள்ளத்தில் இசையில்லாதவனை நம்பலாகாது என்று பேசுகிறான். ஷைலக்கின் பெயரை அங்கு யாரும் எடுக்கவில்லை. எனினும் காதை அடைத்துக்கொண்ட வீடு ஒன்று கேட்போர் நினைவில் வந்து நிற்கிறது.

மகளை இழந்த ஷைலக் தெருவில் மகளே, பொற்காசே என்று மாற்றி மாற்றிக் கதறினான் என்று பலரும் எழுதுவதுண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை. அக்கதறல் மேடையில் நிகழவில்லை. ஷைலக்கைப் பகைக்கும் சொலானியோ, தன் நண்பனிடம் அதனை நடித்துக் காட்டிச் சிரிக்கிறான். நாம் கேட்பது பகைவனின் பழிப்புக் குரலே. ஒருவனைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தும்போது அவன் துயரத்தைக்கூட அவன் வாயால் கேட்கவிடாமல் செய்தல் உலகில் நடப்பதுதான். கவிஞர் அதனை அப்படியே காட்டுகிறார். அடுத்த அங்கத்தில் ஷைலக்கே நேரில் வருகிறான். அவன் பேச்சு அழகியது அன்று. காதில் மணிகளோடு மகள் தன் காலடியில் செத்துக் கிடக்கட்டும் என்று சபிக்கிறான். பார்வையாளர் உள்ளம் சுளிக்கிறது. அப்போது அவன் நண்பன் தூபால், ஜெஸிகா ஒரு மோதிரத்தைக் கொடுத்துக் குரங்கொன்று வாங்கினாள் என்னும் செய்தியைச் சொல்கிறான். அது நீலப்பசுங்கல் பதித்த மோதிரம். மணமாகாத காலத்தில் லேயா என்பவள் அவனுக்குத் தந்தது. லேயா என்னும் பெயர் நாடகம் முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. விலை சொல்லத் தெரிந்த அவ்வட்டிக்காரன், குரங்குகள் நிறைந்த ஒரு காட்டையே தந்தாலும் அதனைக் கொடுத்திருக்கமாட்டேன் என்கிறான். உயிர் உள்ளளவும் கழற்றேன் என்று ஆணையிட்டு மோதிரம் அணிந்த பஸானியோவும் கிரேஷியானோவும் வழக்கு முடிந்த அன்றே அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிடுவதை நாம் பின்னர்க் காண்கிறோம். இரண்டையும் ஒப்பிடுமாறு கவிஞர் நமக்குச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே நாடகத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

அதே காட்சியில்தான் அவனுடைய புகழ்பெற்ற வினாக்கள் வருகின்றன. கண், கை, புலன், உணர்ச்சி என்று உடலை உறுப்புறுப்பாக எண்ணி, யூதனுக்கும் இவை இல்லையா என்று கேட்கிறான். குத்தினால் குருதி வராதா, கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வராதா, நஞ்சூட்டினால் சாவு வராதா என அடுக்குகிறான். மனித இனத்துக்குள் தனக்கும் இடம் உண்டு என்பதை மறைநூலாலோ சட்டத்தாலோ நிறுவாமல் உடலால் நிறுவும் வாதம் இது. பேச்சுப் போட்டிகளில் மாணவர்கள் இதுவரை சொல்லிக் கைதட்டல் பெற்று இறங்கிவிடுவர். வாதம் அங்கு முடியவில்லை. தீங்கிழைத்தால் பழி வாங்கமாட்டோமா என்பதே அதன் கடைசிப் படி; பழிவாங்குதலைக் கிறித்தவர்களிடமே கற்றேன் என்பது அதன் முடிவு. நற்பண்பால் நீங்களும் நானும் ஒன்று என்று சொல்ல இடம் கிடைக்காதவன், தீய பண்பிலாவது நாம் ஒன்று என்று சொல்லிப் பார்க்கிறான். இந்தப் பிற்பாதியை விட்டுவிட்டு முற்பாதியை மட்டும் மேற்கோளாக்குவது அவனுக்கும் நீதி செய்வதாகாது, கவிஞருக்கும் நீதி செய்வதாகாது என்பது என் கருத்து.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. இவ்வினாக்களை அவன் யாரிடம் கேட்கிறான்? தன்னைக் கேலி செய்துகொண்டு நிற்கும் சலாரினோ, சொலானியோ என்னும் இருவரிடம். அவர்கள் என்ன விடை கூறினர்? ஒன்றும் கூறவில்லை. அன்டோனியோ அழைப்பதாக ஒரு பணியாள் வந்து சொல்ல, தூபாலைப் பார்த்து மீண்டும் ஓர் ஏளனத்தை உதிர்த்துவிட்டுப் போய்விடுகின்றனர். மன்றத்திலும் இதுவே நிகழ்கிறது. நீங்கள் விலைக்கு வாங்கிய அடிமைகளை வைத்திருக்கிறீர்களே. அவர்களுக்கு விடுதலை கொடுங்கள், உங்கள் மக்களை அவர்களுக்கு மணம் செய்து கொடுங்கள் என்று நான் சொன்னால் கேட்பீர்களா என ஷைலக் வினவுகிறான். வேனிஸ் நகரத்துக் கோமகனுக்கு அதற்கும் விடையில்லை. சட்ட அறிஞர் பெல்லாரியோ வராவிட்டால் மன்றத்தைக் கலைப்பேன் என்று வேறொன்றைப் பேசத் தொடங்குகிறார். வினாவுக்கு மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. வினவியவனே அங்கு இல்லாததுபோல் பேச்சு வேறுபக்கம் போகிறது. தனிமையை இதனினும் செம்மையாக மேடையில் காட்ட இயலுமோ, நான் அறியேன்.

மன்றக் காட்சிக்கு வந்துவிட்டோம். நம் பாடநூல்களில் இக்காட்சி தனியாகப் பிரித்து அச்சிடப்படுவதுண்டு. அவ்வாறு படிப்பவர்கள் போர்ஷியாவின் கருணைப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு, வழக்கின் உயிர்நிலையைத் தவறவிட்டுவிடுவர். அதனை உணர, முந்தைய அங்கத்தில் அன்டோனியோவே கூறிய ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். கோமகன் உன்னைக் காப்பாற்றமாட்டாரா என்று நண்பன் கேட்கும்போது அவன் முடியாது என்கிறான். இந்நகரின் வாணிகமும் ஊதியமும் பல நாட்டாரால் ஆனவை; அயலாருக்குச் சட்டம் அளித்துள்ள உரிமையை மறுத்தால் நாட்டின் நீதிக்கே இழுக்கு என்பது அவன் விளக்கம். அதாவது, வேனிஸில் அயலானும் சட்டத்தின் முன் சமம். ஷைலக் இதனை முழுமையாக நம்பினான். தெருவிலும் சந்தையிலும் தனக்கு இல்லாத இடம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று நம்பினான். கருணை வேண்டாம், சட்டம் போதும் என்று அவன் பிடிவாதம் செய்வது கொடுமையே; ஐயமில்லை, கையில் கத்தி வைத்திருக்கிறான். ஆயினும் அக்கொடுமைக்குள் ஒரு குடிமகனாக நடத்தப்படவேண்டும் என்னும் வேட்கையும் இருக்கிறது.

மேடையின் அமைப்பையும் மனக்கண்ணில் காணுங்கள். அன்டோனியோவைச் சூழ்ந்து பஸானியோ, கிரேஷியானோ, சலேரியோ ஆகியோர் நிற்கின்றனர். ஷைலக்கின் பக்கத்தில் ஒருவரும் இல்லை. தூபாலும் வரவில்லை. வேலைக்காரன் லான்ஸ்லட் முன்னரே பஸானியோவிடம் வேலைக்குப் போய்விட்டான். மகளும் போய்விட்டாள். வந்திருக்கும் இளம் வழக்கறிஞரை, நீதிக்குப் பேர்போன தானியேல் என்று மகிழ்ந்து போற்றுகிறான் ஷைலக். சதை உண்டு, குருதி இல்லை என்று தீர்ப்புத் திரும்பியவுடன், கிரேஷியானோ அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூவி, கற்றுக்கொடுத்ததற்கு நன்றியும் கூறுகிறான். மன்றத்தில் மகிழ்ச்சி பொங்குகிறது, கொட்டகையிலும் பொங்கும். ஒருவனைச் சுட்டிப் பலர் சேர்ந்து சிரிக்கும்போது, சிரிப்பவர்கள் ஒரு கூட்டமாகிவிடுகின்றனர். இன்பியல் நாடகத்தின் கருவியாகிய சிரிப்பே இங்கு வேலியாகிறது.

பணத்தை வாங்கிக்கொள்கிறேன் என்கிறான், மறுக்கப்படுகிறது. முதலையாவது தாருங்கள் என்கிறான், அதுவும் மறுக்கப்படுகிறது. இனி வாதிடேன் என்று அவன் வெளியேற முற்படுகிறான். அப்போதுதான் போர்ஷியா அவனை நிறுத்துகிறாள். சட்டத்தின் பிடி இன்னும் ஒன்று இருக்கிறதாம். வேனிஸ் நகரத்துக் குடிமகன் ஒருவனின் உயிருக்கு அயலான் ஒருவன் நேராகவோ மறைவாகவோ தீங்கு சூழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டால், அவன் சொத்தில் பாதி அக்குடிமகனுக்கும் பாதி அரசுக்கும் சேரும். உயிர் கோமகனின் கையில். ‘குடிமகன்’, ‘அயலான்’ என்னும் இரு சொற்களையும் எதிரெதிர் நிறுத்தும் இச்சட்டம் நாடகத்தில் அதுவரை எவர் வாயிலும் வரவில்லை. அயலானையும் காக்கும் என்று அவன் நம்பிய சட்டப் புத்தகத்திலேயே, அவன் அயலான் என்று எழுதிய பக்கம் ஒன்று இத்தனை நாளும் இருந்திருக்கிறது. குருதி பற்றிய வாதம் வெறும் சொற்சாதுரியம். என் கணிப்பில் நாடகத்தின் உண்மையான திருப்பம் இதுவே.

அதன்பின் வருவது இன்னும் கடுமை. அவன் உடனே கிறித்தவனாக வேண்டும் என்பது அன்டோனியோ விதிக்கும் நிபந்தனை. அக்காலத்துப் பார்வையாளரில் பலர் இதனை அவன் ஆன்மாவுக்குச் செய்த நன்மை என்றே கருதியிருப்பர். ஆனால் நாடகத்துக்குள்ளேயே இதற்கொரு குறுக்குச் சான்று இருக்கிறது. ஜெஸிகா மதம் மாறியதைக் குறித்து லான்ஸ்லட், இப்படி ஆளுக்காள் கிறித்தவரானால் பன்றியிறைச்சி விலை ஏறிவிடும் என்று கேலி பேசுகிறான். சேர்த்துக்கொண்ட பின்னும் அவளை முழுதும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படியாயின் அவள் தந்தையின் கதி என்ன? தூபாலைச் சந்திக்கத் தொழுகைக்கூடத்துக்கு வரச்சொன்னவன், இனி அங்கும் போக இயலாது. ரியால்டோ சந்தையில் இவனைத் தம்மவன் என்று தோள்தொடுவாரும் இல்லை. வினாமேல் வினாவாக அடுக்கிய அந்த நாவுக்கு, இசைவு தெரிவிக்க இரண்டு மூன்று சொற்களே எஞ்சுகின்றன. உடல் நலமில்லை, போக விடை தாருங்கள், பத்திரத்தைப் பின்னால் அனுப்புங்கள், கையெழுத்திடுகிறேன் என்பதே அவன் மேடையில் பேசும் கடைசிப் பேச்சு. ஓர் அணியில்லை, உவமையில்லை.

சொல்விளையாட்டு ஒன்றையும் சுட்டவேண்டும். ஆங்கிலத்தில் ‘ஜென்ட்டில்’ என்றால் மென்மையும் பெருந்தன்மையும் உடையது. ‘ஜென்ட்டைல்’ என்றால் யூதரல்லாதவர். மன்றத்தில் கோமகன் ஷைலக்கிடம் மென்மையான விடையை எதிர்பார்ப்பதாகக் கூறும்போது, நம்மவர் விடையை எதிர்பார்க்கிறோம் என்ற ஒலியும் கலந்து வருகிறது. அவ்வாறே ‘கைண்டு’ என்பதற்கு அன்பு என்றும் இனம் என்றும் பொருளுண்டு. தமிழிலும் ‘கேளிர்’ என்றால் உறவினர், ‘கேண்மை’ என்றால் நட்பு. உறவையும் அன்பையும் ஒரே வேரில் வைத்த மொழிகளில், உறவில்லாதவன் அன்பில்லாதவனாகவும் எண்ணப்படுதல் எளிதாகிவிடுகிறது.

ஷைலக் ஒருவனே தனியன் என்று எண்ணிவிடாதீர்கள். நாடகத்தின் தலைப்பிலுள்ள வணிகன் அன்டோனியோ. காரணம் புலப்படாத துயரத்தோடு அவன் பேசுவதில்தான் நாடகமே தொடங்குகிறது. மன்றத்தில் அவன் தன்னை மந்தையிலுள்ள நோயுற்ற கடாவுக்கு ஒப்பிட்டு, சாவதற்குத் தானே தக்கவன் என்கிறான். நண்பனுக்காக உயிர்கொடுக்கத் துணிந்தவன்; அந்நண்பனுக்கோ இப்போது மனைவி இருக்கிறாள். பெல்மான்ட்டில் மூன்று இணைகள் நிற்க, அவன் நான்காவதாக இணையின்றி நிற்கிறான். கப்பல் வந்த செய்தி கேட்டதும் பேச்சற்றுப் போகிறான். பொருள் திரும்பிற்று, துயரத்தின் காரணம் மட்டும் கடைசிவரை சொல்லப்படவில்லை. நாடகத்தில் ஒருவரையொருவர் அழிக்க முயன்ற இருவருமே தனியர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போர்ஷியாவை நாடி வந்த மொராக்கோ இளவரசன், தன் நிறத்துக்காகத் தன்னை வெறுக்கவேண்டா என்று கேட்டு நிற்பதையும் இவ்வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்நாடகத்தில் மிகுந்த இரக்கம் ஜெஸிகாவிடம் உண்டு. பெல்மான்ட்டுக்கு அவள் வந்து சேரும்போது பஸானியோவும் போர்ஷியாவும் லொரென்ஸோவை மகிழ்ந்து வரவேற்கின்றனர். கிரேஷியானோ தன் மனைவியிடம் அதோ நிற்கும் அந்த அயலாளைத் தேற்று என்கிறான். சட்டம் தந்தைக்குச் சூட்டிய அடையாளத்தை ஒரு மணமனை மகளுக்கு முன்னரே சூட்டிவிட்டது. ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில் அவளும் லொரென்ஸோவும் இதுபோன்ற நிலவிரவுகளில் காதலித்தவர்களை மாற்றி மாற்றிச் சொல்லி விளையாடுகின்றனர். அவர்கள் எடுக்கும் பெயர்களைப் பாருங்கள்: கிரெஸ்ஸிடா, திஸ்பி, டைடோ, மெடியா. ஒருத்தி காதலனை ஏமாற்றியவள், ஒருத்தி காதலனைத் தொடர்ந்து மாண்டவள், ஒருத்தி கைவிடப்பட்டவள், ஒருத்தி தந்தையை ஏய்த்துக் காதலனோடு ஓடி, பின்னர் அவனாலேயே தள்ளப்பட்டவள். விளையாட்டுக்கு இப்பெயர்கள்தாமா கிடைத்தன? பிறகு இசை தொடங்குகிறது. இனிய இசையைக் கேட்டால் தனக்கு உவகை பிறப்பதே இல்லை என்கிறாள் ஜெஸிகா. அதன்பின் இருநூறு அடிகளுக்கு மேல் காட்சி நீள்கிறது. அவள் வாய் திறக்கவில்லை. தந்தையின் சொத்து அவர்களுக்கு வரும் என்னும் பத்திரம் கொடுக்கப்படும்போதும் மகிழ்ந்து பேசுகிறவன் லொரென்ஸோதான்.

எழுதப்படாத இந்த மௌனங்களை நடிகர்கள் காலந்தோறும் நிரப்பிவந்துள்ளனர். அதற்கு முன் நகைப்புப் பாத்திரமாய் இருந்த ஷைலக்கை 1741இல் சார்லஸ் மேக்லின் அஞ்சத்தக்கவனாக்கினார். எட்மண்ட் கீன் 1814இல் மனிதனாக்கினார். ஹென்றி இர்விங் 1879இல் பெருமிதம் உடையவனாக்கி, நூலில் இல்லாத ஒரு நிகழ்ச்சியையும் சேர்த்தார்: விருந்திலிருந்து திரும்பும் தந்தை, மகள் ஓடிவிட்ட வெற்று வீட்டின் கதவைத் தட்டுகிறார், திரை விழுகிறது. மறுபுறத்தில் 1943இல், யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், வியன்னாவில் வெர்னர் கிராஸ் என்னும் நடிகர் ஷைலக்கை அருவருக்கத்தக்க உருவாக நடித்துக் காட்டினார். ஒரே நூல் இவ்விருவருக்கும் இடம் கொடுத்தது என்பதை மாணவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும். 2004இல் மைக்கேல் ராட்ஃபோர்டு எடுத்த திரைப்படத்தின் இறுதியில், தொழுகைக்கூடத்தின் கதவுகள் மூடிக்கொள்ள, ஷைலக் வெளியே தெருவில் நிற்கிறான். ஜெஸிகா நீரோரமாகத் தனியே நிற்கிறாள். அவள் விரலில் லேயாவின் மோதிரம் இருக்கிறது; குரங்குக்கு விற்றதாகத் தூபால் கேட்டுவந்து சொன்ன அதே நீலக்கல் மோதிரம்.